குகைத் தண்ணீர் பச்சையாக வந்த கதை

எங்கள் குகையில் அறுநூற்று நாற்பது பல்புகள் இருக்கின்றன. அவற்றைப் பத்தொன்பது வருடம் எரிய வைத்தவரைத்தான், ஊர்க் குடிதண்ணீரைக் கெடுத்தவர் என்று சொல்லி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதே தண்ணீரை நாலு மாதமாக உண்மையிலேயே கெடுத்துக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் யாரோ வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் குகை வாசலில் டிக்கெட் கொடுப்பவள். எங்கள் ஊர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் மலை. மேலே மேட்டு நிலத்தில் ஓடிவரும் ஓடைகள் அங்கங்கே தரையில் உள்ள குழிகளுக்குள் விழுந்து காணாமல் போய்விடும். அந்தத் தண்ணீரெல்லாம் மலைக்கு உள்ளேயே ஓடி, குகையின் அடியில் ஆறாகச் சேர்ந்து, குகை வாசலுக்குக் கீழே ஊற்றாக வெளியே வரும். அங்கிருந்து பம்பு வைத்துத் தொட்டிக்கு ஏற்றி ஊர் முழுக்கக் குழாயில் விடுகிறார்கள். குகைக்குள் பயணிகள் நடக்க ஒரு கிலோமீட்டருக்கு இரும்புப் பாதை. மேலே தொங்கும் கல்லைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள், காலுக்குக் கீழே ஓடுவதுதான் தாங்கள் காலையில் குடித்த தண்ணீர் என்று யோசிப்பதில்லை.

அந்தப் பல்புகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர்தான் பல்பு அக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. "பல்பு வாங்குறவங்கல்லாம் மேல ஆபீஸ்ல இருக்காங்க, மாட்டுறவ மட்டும் கீழ இருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேலைக்குச் சேர்ந்தது கூட்டிப் பெருக்க. அப்போதிருந்த எலக்ட்ரீஷியன் நல்ல பருமன். கீழ்த்தட்டில் ஆற்றை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது, மண்டியிட்டுத் தவழ்ந்தால்தான் போக முடியும். அவர் வயிறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒல்லியாக இருந்த அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடத்தில் அக்கா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டார். அந்த மனிதர் ஓய்வு பெற்ற பிறகு முழு குகையும் அக்கா கையில்தான். ஆனால் ஆபீஸ் பதிவேட்டில் கடைசி நாள் வரைக்கும் அவர் துப்புரவுப் பணியாளர். எலக்ட்ரீஷியன் பதவிக்கு மூன்று தடவை விண்ணப்பம் கொடுத்தார். பெண்களை ஏணி ஏறும் வேலையில் வைக்க விதி இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் படித்த அறைக்கு வெளிச்சம் கொடுத்த டியூப் லைட்டை அவர்தான் ஏணி போட்டு ஏறி மாட்டியிருந்தார்.

கோளாறை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். வேறு யாரால் முடியும்? கீழ்த்தட்டுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். அங்கே ஒரு சின்னக் குட்டையில் கண் இல்லாத வெள்ளை இறால்கள் இருந்தன. நகத்து அளவுதான் இருக்கும், கண்ணாடி மாதிரி உடம்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அக்கா ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டை எடுத்து வந்து காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் போனபோது எல்லாம் செத்து மிதந்தன. அடுத்த வாரம் ஆற்றில் நுரை. அதற்கடுத்து நாற்றம். பிறகு ஒரு நாள், வாசலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே, விளக்குக் கூண்டில் ஒட்டியிருந்ததை எடுத்து வந்து என் ஜன்னல் பலகையில் வைத்தார். வெள்ளைக் கோழி இறகு.

"குகைக்குள்ள இருக்குறது வௌவால். அதுக்கு இறகே கிடையாது. இது யாரு விட்ட இறகு?" என்றார்.

எங்கள் இருவருக்கும் தெரியும். மேட்டு நிலத்தில் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழித் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அறுத்து, கழுவி, பையில் போட்டு அனுப்புகிறார்கள். கழுவிய தண்ணீரை டேங்கர் லாரியில் நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதாகச் சட்டம், ரசீது, முத்திரை எல்லாம் உண்டு. அந்த டேங்கரை ஓட்டியவர் அக்காவின் சொந்தத் தம்பி.

அக்கா இறகை மேனேஜரிடம் கொண்டுபோனார். மேனேஜர் அதைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுநாள் ரோஜா வாசனை ஸ்ப்ரே பன்னிரண்டு டப்பா வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொரு குழு உள்ளே போவதற்கு முன்னாலும் அடிக்கச் சொன்னார். பிணத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை. அடித்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான் அடித்தேன்.

அதே மாதம் ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் பம்பு ஹவுஸை ஒட்டிய மூன்று தெரு, பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அக்காவின் பேத்திக்கு இரண்டு வயது முடியவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். நர்ஸ் ஒரு நோட்டில் தெருவாரியாகக் குறித்து வைத்திருந்தார், அதை மேலே அனுப்பியும் இருந்தார். மேலே போனது மேலேயே இருந்துவிட்டது.

அக்கா நகராட்சி ஆணையரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன், வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு. ஆணையர் கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். மலை சுண்ணாம்புக்கல், அதுவே இயற்கை கொடுத்த பெரிய ஃபில்டர், மேலே என்ன விழுந்தாலும் கீழே வரும்போது சுத்தமாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"ஃபில்டர்னா சின்னச் சின்ன ஓட்டை இருக்கணும் சார்" என்றார் அக்கா. "உள்ள இருக்குற ஓட்டையில நான் ஏணியத் தூக்கிட்டு நடந்து போறேன்."

ஆணையர் சிரித்தார். எழுதிக் கொடுங்கள் என்றார். அக்கா எழுதிக் கொடுத்தார். குகை நிர்வாகத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, சுகாதார ஆபீசுக்கு ஒன்று. ஒரு பதிலும் இல்லை. பிறகு குகையில் வேலை செய்யும் பதினாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கலாம் என்று காகிதத்தோடு வந்தார். தோட்டக்காரர் மட்டும் போட்டார். நான் போடவில்லை. என் கொழுந்தன் அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தான். ஊரில் பாதி வீட்டுக்கு அங்கே ஒருவர் வேலையில் இருந்தார். காகிதத்தை என் ஜன்னலில் அரை நாள் வைத்திருந்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கினார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த விடுமுறை நாளில் பஸ் ஏறி மேட்டு நிலத்துக்குத் தனியாகப் போனார். தொழிற்சாலைப் பின்சுவரைத் தாண்டி முள்வேலி போட்ட புல்வெளி. நடுவில் ஒரு பெரிய குழி, மேலே சிமெண்ட் பலகை, அதில் ஒரு இரும்பு மூடி. நகரத்துக்குப் போயிருக்க வேண்டிய டேங்கர் அந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றது. குழாயை உள்ளே இறக்கிவிட்டு, வால்வைத் திருகிக்கொண்டிருந்தார் தம்பி.

அங்கே நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அக்காவைக் கண்டதும் தம்பி வால்வை மூடினாராம்.

"உன் மருமக பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தியே, இத ஊத்திட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

"டீசல் மிச்சம் பிடிக்கணும்னு மேல சொல்றாங்க அக்கா. நான் இல்லன்னா இன்னொருத்தன் ஊத்துவான். எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு."

"உன் பிள்ளைங்க எந்தத் தண்ணி குடிக்குது?"

"கேன் தண்ணி" என்றாராம் தம்பி. நாலு மாதமாகத் தன் வீட்டில் மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது. குழி, லாரி, முதலாளி எல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொண்டார். தம்பி வீட்டுக் கேனை அவரால் தாங்க முடியவில்லை.

கண்ணால் பார்த்ததைச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, அந்தக் குழித் தண்ணீர் இந்த ஊற்றுக்கு வரவில்லை என்றுதான் சாதிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பேராசிரியை மாணவர்களோடு வந்து மலைக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஆராய்ச்சி செய்தார். வேறொரு குழியில் ஒரு சாயப்பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு, குகைக்குள் அது வருகிறதா என்று பார்த்தார்கள். அப்போது கீழ்த்தட்டில் பாட்டிலோடு காவல் இருந்தது அக்காதான். அந்தப் பேராசிரியைக்குப் போன் செய்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் போட்டு, பார்சலில் பொடி அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: இது உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஒரு நாளில் கழுவிப் போய்விடும்.

அக்கா அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து, இன்ன தேதியில், இன்ன குழியில், இன்ன பொடியைப் போடப் போகிறேன், மறுநாள் தண்ணீர் பச்சையாக வந்தால் யாரும் பயப்பட வேண்டாம், முன்கூட்டியே ஊருக்கு அறிவியுங்கள் என்று எழுதி, மூன்று ஆபீசிலும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டார். மூன்று இடத்திலும் முத்திரை குத்தினார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. வாளியும் பொடியுமாக அக்கா குழிக்குப் போனபோது டேங்கர் நின்றிருந்தது. தம்பி வாளியைப் பார்த்தார். "நான் பார்க்கல. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்தபடியே விட்டு, லாரிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பொடி செங்கல் நிறத்தில் இருந்ததாம். தண்ணீர் பட்டதும் பச்சையாகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிக் குழு வெளியேறியதும் அக்கா என் ஜன்னலில் தட்டினார். வந்து பார்க்கிறாயா என்று மட்டும் கேட்டார். பதினோரு வருடம் வாசலில் உட்கார்ந்தும் நான் கீழ்த்தட்டுக்குப் போனதில்லை. அந்த வளைவில் மண்டியிட்டுத் தவழ்ந்து, முழங்கால் சிராய்த்து, ஆற்றுக்குப் பக்கத்தில் இறங்கினோம். ஈரக் கல், அழுகல் நாற்றம், தண்ணீர் சத்தம். அக்கா ஒரு விளக்கைக் கூண்டோடு கழற்றித் தண்ணீருக்கு மேலே பிடித்தார். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. கை வலித்ததும் மாற்றிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பாறை ஓரத்தில் ஒரு நூல் மாதிரி வந்தது. அது நாடா ஆனது, பிறகு கரைக்குக் கரை பரவியது. இளந்தளிர் நிறம். விளக்கு வெளிச்சத்தில் ஆறே எரிவது போல் இருந்தது. அவ்வளவு அழகாக ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"முப்பத்தியோரு மணி நேரம்" என்றார் அக்கா. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பாட்டிலில் பிடித்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தம்பியை நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை காலை குழாயைத் திறந்தவர்கள் அலறினார்கள். நகராட்சி வாசலில் இருக்கும் நீரூற்று பச்சையாகப் பீச்சியது. ஆணையர் முகம் கழுவப் போன பேசினில் பச்சை. நாலு மாதமாக அசையாத ஊர் அரை மணி நேரத்தில் அசைந்தது. போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், ஒலிபெருக்கி, தண்ணீர் லாரி எல்லாம் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. தண்ணீரில் விஷம் கலந்தவன் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். தேட வேண்டிய அவசியமே இல்லை. அக்கா வேலைச் சீருடையோடு, பாட்டிலையும் முத்திரை போட்ட மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு தானாக ஸ்டேஷனுக்குப் போனார். அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர், வாயில்லாத மனிதர். டிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு மணி நேரம். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு ஒரு காவலர் கேன் தண்ணீரைக் கொடுத்தார். "இங்கயும் கேன்தானா" என்று கண்டக்டர் கேட்டாராம். அந்த ஒரு வாரத்தில் அவர் பேசியது அதுதான்.

பொதுக் குடிநீரில் வேற்றுப் பொருளைக் கலந்ததாக வழக்குப் பதிந்தார்கள். கோழி ரத்தமும் கொழுப்பும் வேற்றுப் பொருள் இல்லை போலிருக்கிறது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து நகராட்சிக் கூட்ட அறையில் விசாரணை நடத்தினார். ஊரே திரண்டது. தொழிற்சாலை வக்கீல், ஆணையர், எங்கள் மேனேஜர் மூவரும் ஒரே மேஜையில். எதற்காக மக்களைப் பீதிக்குள்ளாக்கினீர்கள் என்று வக்கீல் கேட்டார்.

அக்கா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "பச்சையா வந்ததும் எல்லாரும் பயந்துட்டீங்க. நாலு மாசமா கலர் இல்லாம வந்துச்சு, அப்ப யாரும் பயப்படல. நான் போட்டது கழுவினா போயிடும்னு படிச்சவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க போட்டதுக்கு அந்த மாதிரி ஒரு கடிதாசி இருந்தா காட்டச் சொல்லுங்க."

யாரிடமும் இல்லை. நர்ஸ் தன் நோட்டோடு எழுந்து வந்தார், யாரும் கூப்பிடாமலேயே. தெருவாரியாக நூற்றுப் பதினேழு பிள்ளைகள். அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு விசாரணை அதிகாரி, அக்காவின் கடிதங்களில் முத்திரை குத்திய தேதியைச் சத்தமாகப் படித்து, பத்து நாள் முன்னால் வந்ததை ஏன் யாரும் பிரிக்கவில்லை என்று கேட்டார். ஆணையர் விசிறியைப் பார்த்தார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். கிடைத்தது, அரைகுறையாக. குழியை மூடச் சொன்னார்கள். தொழிற்சாலை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்திகரிப்புத் தொட்டி கட்டிய பிறகு வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. முதலாளி அதே முதலாளி. கீழ்மட்டத்தில் தவறு நடந்ததாகச் சொல்லி ஒரே ஒரு ஆளை வேலையை விட்டு நீக்கினார்கள். லாரி ஓட்டிய தம்பியை. அந்தக் குழியில் ஊற்றச் சொன்னவர் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அக்கா மீதான வழக்கு தள்ளுபடியானது. அதற்கு அடுத்த வாரம், குகையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த துப்புரவுப் பணியாளர் என்று எழுதி அக்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கடிதத்தை மேனேஜர் என்னிடம் கொடுத்து, கொண்டுபோய்க் கொடு என்றார்.

கொண்டுபோனேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்று படித்தார். "கடைசி வரைக்கும் எலக்ட்ரீஷியன்னு எழுத மனசு வரல பாரு" என்றார். மறுபடி குகை ஊழியர்கள் கையெழுத்துக்கு ஒரு மனு போனது, அவரை வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்லி. இந்தத் தடவை எழுதியது நான். பதினோரு பேர் போட்டார்கள். தொழிலாளர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. மூன்று தடவை வாய்தா ஆகிவிட்டது.

இப்போது அவர் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறார். ஊரில் அவரைக் கூப்பிடாத வீடு குறைவு. சில வீடுகளில் பெரியவர்கள் எழுந்து நின்று வரவேற்கிறார்கள். சில வீடுகளில், எங்கள் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது உன்னால்தான் என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்கிறார்கள். தம்பி வேறு ஊருக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அவர் அக்காவோடு பேசுவதில்லை. தம்பி மனைவி மட்டும் போன மாதம் வந்து, வீட்டுக் குழாயில் இப்போது வரும் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா குகைக்கு வந்தார், பயணிகளோடு பயணியாக வரிசையில் நின்று. கையில் பையும், பைக்குள் காலிப் பாட்டிலும். அவருக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது என்று மேனேஜர் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தார். நான் கிழித்துக் கொடுத்தேன். பாதைக் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழ்த்தட்டுக் கம்பிக்கதவைத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து முழங்காலில் சேறோடு அக்கா வெளியே வந்தார். குட்டையில் இறால் ஒன்றுகூட இல்லை என்றார். ஆற்றுத் தண்ணீர் பிடித்த பாட்டிலை, சோதனைக்கு அனுப்ப ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடுக்கச் சொல்லி என் ஜன்னலில் வைத்தார்.

மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, விளக்கம் எழுதிக் கொடு என்றார். காகிதம் கேட்டேன். கொடுத்தார். இறந்த இறாலில் ஆரம்பித்து, ரோஜா வாசனை ஸ்ப்ரேயையும் விடாமல், நாலு பக்கம் எழுதினேன். மூன்று நகல் எடுத்து, அக்கா போன அதே மூன்று ஆபீசிலும் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.